கார்கள் நிற்கும் குளம்

மூன்றாவது முறையாக அதே தவளை. பின்னங்காலில் ஒரு விரல் இல்லை, கண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை. நேற்றுதான் யெர்னேயா அதைப் பூங்காவின் புதுக்குளத்தில் கொண்டுபோய் விட்டாள். இரவு மழையில் திரும்பி வந்து, கார் நிறுத்துமிடத்துத் தாரின் நடுவில், விருந்துக்கு அழைக்கப்பட்ட பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

நான்கு வருஷம் முன்பு வரை இந்த இடம்தான் குளம். அவள் கணவன் ஸ்டாங்கோ அதை மூடி, தங்கள் உணவு விடுதிக்கு வண்டி நிறுத்த இடம் செய்தான். நகராட்சி பதிலுக்குப் பூங்காவுக்குள் ஒன்று வெட்டியது. சரிவான கரை, வெயில் படும் ஆழமில்லாத தண்ணீர், ஓரமெல்லாம் புல், கரைமேல் மரங்களின் ஈரச் சருகு. எல்லாம் இருக்கிறது, தவளைதான் தங்க மாட்டேன் என்கிறது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"உன் சொந்தக்காரங்களை வழியனுப்பியாச்சா?" என்றான் ஸ்டாங்கோ. "மத்தியானம் நாப்பது பேர் வராங்க. கிழங்கு அப்படியே கிடக்கு."

"வரேன்."

"டிங்காராவும் ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள மேசையத் துடைக்கட்டும். வர்ற செப்டம்பர்லேருந்து அவளுக்கு முழுநேரமும் இதானே வேலை."

ஜன்னல் மூடியது. யெர்னேயாவின் கோட்டுப் பையில் விண்ணப்பம் இருந்தது. தலைநகர் லுப்லியானாவில் மேல்நிலைப் பள்ளி, கூடவே தங்கும் விடுதி. மகள் டிங்காராவுக்குப் பதினைந்து வயது. பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், இன்றுதான் கடைசி நாள். மூன்று வாரமாக அது பையிலேயே கசங்குகிறது. ஸ்டாங்கோ கத்தமாட்டான், பேச்சை நிறுத்திவிடுவான். முன்பு மருந்துக்கடை வேலைக்குப் போகிறேன் என்றபோது இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவள்தான் வேலையை விட்டாள்.

தவளைகளை எண்ணி எழுதும் விங்கோ நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மறுபடியும் நீயா? பேசாம பாஸ் எடுத்துக்க," என்று தவளையை வாளியில் போட்டார்.

"அங்க என்ன குறை மாமா இதுக்கு?"

"ஒரு குறையும் இல்ல. பொறந்த இடத்துக்குத்தான் வரும், தண்ணி இருந்தாலும் இல்லாட்டியும். வளந்ததுங்கள மாத்த முடியாது பொண்ணே."

ஓரத்தில் டயர் பதிந்த பள்ளத்து நீரில் எதையோ கண்டு அவர் குனிந்தார். கொழகொழவென்று ஒரு கை முட்டை, உள்ளே கறுப்புப் புள்ளிகள்.

"இன்னும் ரெண்டு நாள்ல காஞ்சிடும். ஆனா இத மாத்தலாம். எந்தத் தண்ணில வளருதோ அதையே வீடுன்னு நெனச்சுக்கும்."

யெர்னேயா இன்னொரு வாளியில் பள்ளத்து நீரோடு முட்டையை அள்ளினாள். அதைப் புதுக்குளத்தின் புல்லோரம் மெதுவாகச் சாய்த்தாள். தவளையையும் விட்டாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு பையிலிருந்த விண்ணப்பத்தை எடுத்தாள்.

"மாமா, பேனா இருக்கா?"

அவருடைய நோட்டின்மேல் வைத்தே கையெழுத்திட்டாள். ஓர் எழுத்து ஈரத்தில் பரவியது, ஆனாலும் பெயர் தெரிந்தது.

பூங்கா வாசலில் டிங்காரா பள்ளிப் பையோடு நின்றிருந்தாள். காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேன். இன்னிக்கே ஸ்கூல்ல குடுத்துடு. ஓடு, பஸ் போயிடும்."

"நீயும் என்கூட லுப்லியானாவுக்கு வந்துடேன்மா."

"கிழங்கு உரிக்கணும்," என்றாள் யெர்னேயா.

மதியக் கூட்டம் கலைந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனான். அன்று முழுக்கப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. தாரின் நடுவில் விரலில்லாத தவளை உட்கார்ந்திருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு யெர்னேயா அதன் எதிரே குந்தினாள்.

"நமக்குத்தான் போகத் தெரியல, இல்ல?" என்றாள்.