மேலே வந்த ஒன்பது பேர்

அமெரிக்காவில் ஹாலோ க்ரீக் என்ற சுரங்க ஊருக்குப் படக் கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கிய 1949 அக்டோபரில் கதரீனா ஹூடாக்குக்கு அறுபத்தொரு வயது. அவள் கணவன் யூராய் நாலாம் நம்பர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய் முப்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.

அவன் உள்ளே போன அன்று தீப்பிடித்தது. மூன்றாம் நாள், உள்ளே நாற்பத்துமூன்று பேர் இருக்கும்போதே, சுரங்கத்தின் வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து நிர்வாகம் அடைத்துவிட்டது. காற்று போகாவிட்டால் தீ அணையும், கரியாவது மிஞ்சும் என்று நினைத்தார்கள். உள்ளிருந்து யாரோ இரும்புக் குழாயில் தட்டிக்கொண்டே இருந்ததை வெளியே நின்ற பெண்கள் கேட்டார்கள். அடுத்த வருடம் ஓர் எழுத்தாளர் வந்து கதரீனாவின் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த நாவல் இப்போது கல்லூரிகளில் பாடம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத கதரீனாவுக்கு மகள் ஐரீன்தான் கடைசி அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். அந்தத் தட்டல் அதில் அப்படியே இருந்தது. அந்த நாவலைத்தான் இப்போது படமாக எடுக்க வந்திருந்தார்கள். கூட்டத்தில் நிற்க ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டபோது கதரீனா போனதே அதற்காகத்தான். உலகம் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"என்னடி, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி தலை சீவிட்டு வந்திருக்க?" என்று சுரங்க வாசலில் நோரா ப்ரென்னன் சீண்டினாள். அதே தீயில் இரண்டு அண்ணன்மாரைப் பறிகொடுத்தவள்.

எல்லாருக்கும் பழைய காலத்துச் சால்வை கொடுத்தார்கள். இயக்குநர் வெஸ்ட்கோட் கதரீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை முன்வரிசைக்கு இழுத்தார். "சுரங்கத்துக்குள்ள ஆள் ஏத்தி இறக்குற கூண்டு மேல வரும். ஒன்பது பேர் இறங்குவாங்க. நீங்கல்லாம் சந்தோஷத்துல கத்தணும், சரியா?"

"எந்த ஒன்பது பேர்?" என்றாள் கதரீனா.

"கதையில வர்றவங்கதாம்மா."

"கதையில யாரும் மேல வரலையே. வாயை அடைச்சுட்டாங்களே."

வெஸ்ட்கோட் தூரத்தில் தொப்பியோடு நின்ற சுரங்க மேலாளரை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இடத்தைக் கொடுத்தது அவங்க. அடைக்கிற காட்சி இருந்தா கேட்டையே திறக்க மாட்டோம்னுட்டாங்க. அதுவும் இல்லாம, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவனை அழ வெச்சு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

கதரீனா சால்வையைக் கழற்றினாள். நோரா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதடி. பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். ஒரு தடவை அவங்க மேல வர்றதை நான் பார்க்கணும். பக்கத்துல நில்லு."

அவளுக்காகக் கதரீனா சால்வையைத் திரும்பப் போர்த்திக்கொண்டு நின்றாள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் மரம் மாதிரி நின்றாள். வெஸ்ட்கோட் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

நான்காம் தடவை மணி அடித்தது. கூண்டு முனகிக்கொண்டு மேலே வந்தது. கரி அப்பிய முகங்களில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. அவளை அறியாமலே ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது ஆள் குனிந்தே வேலை செய்தவனைப் போல ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு இறங்கினான்.

"யூராய்!"

அந்தக் குரல் தன்னுடையது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, சால்வை நுனியால் கன்னத்தைத் துடைத்தாள். கருப்புக்கு அடியில் இளஞ்சிவப்பாக, அன்று காலை சவரம் செய்த ஒரு வாலிபக் கன்னம் இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றான் அந்த நடிகன், திணறியபடி.

"கட்! அற்புதம்! இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாதுய்யா!" என்று வெஸ்ட்கோட் கைதட்டினார். கதரீனா தன் விரல்களைப் பார்த்தாள். அது கரி இல்லை. எண்ணெய்ப் பிசுக்குள்ள மை.

மறு வசந்தத்தில் ஊர்த் தியேட்டருக்குப் படம் வந்தது. அவள் ஓடும் இடம் வரை வைத்திருந்தார்கள். கன்னத்தைத் துடைத்ததை வெட்டிவிட்டார்கள். வாத்திய இசை பொங்கி எழுந்து யூராயின் பெயரை விழுங்கிவிட்டது. திரை நிறைய அவள் திறந்த வாய் மட்டும் இருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாசலில், ஊருக்குப் புதிதாக வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களைத்தான் படத்துல பார்த்தேன்! உங்க வீட்டுக்காரரும் அந்த ஒன்பது பேர்ல ஒருத்தரா?"

"இல்லம்மா. அவர் இன்னும் உள்ளதான் இருக்கார்."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சிரித்த முகம் அப்படியே இருக்க, "ஆனா மத்தவங்கல்லாம் தப்பிச்சுட்டாங்கல்ல?" என்றாள். ஐரீன் அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.

தன் முகத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடும்படி படக் கம்பெனிக்கு எழுதச் சொல்லி மகளிடம் சொன்னாள் கதரீனா. இரண்டு மாதம் கழித்துப் பதில் உறை வந்தது. உள்ளே அந்த நடிகனின் கையெழுத்திட்ட புகைப்படம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அதை அடுப்பில் போட்டாள்.

படம் ஓடிய இரண்டு வாரமும் நோரா தினமும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கூண்டு மேலே வந்ததும் எழுந்து வெளியேறிவிடுவாள் என்று டிக்கெட் கிழிப்பவர் சொன்னார். கதரீனா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் முன்போல நோராவின் பக்கத்தில் உட்காரவும் இல்லை.