வேலம்மாள் தலையில் நின்ற மூடுபனி

1936 தை மாதம் தொடங்கி, சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலம்மாளின் தலையைச் சுற்றி மட்டும் மூடுபனி நின்றது. உச்சி வெயிலிலும் விலகவில்லை. பழம் எது காய் எது என்று தெரியாமல் அவள் தடவித் தடவிப் பறித்தாள். புருஷன் மூக்கன் கூடையிலிருந்து காய்களைப் பொறுக்கி எறிந்து சமாளித்தான். முறத்தால் விசிறிப் பார்த்தான், சேர்வராயன் கோயில் திருநீறு பூசிப் பார்த்தான். அந்த மாதம்தான் அவர்களுடைய மூன்று வயது மகள் கண்ணாயி காய்ச்சலில் போயிருந்தாள். மலையில் காய்ச்சலும் வழக்கம், பனியும் வழக்கம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசியில், கல்கத்தாவில் மனசைப் பற்றிப் படித்த கலாவதி என்பவள் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். ஊசி இல்லை, மருந்து இல்லை, இரண்டு நாற்காலி மட்டும். பேசுவதற்கு ஒரு டாக்டரம்மாவா என்று கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் சிரித்தார்கள். பிறகு பயந்தார்கள். கண்ணைப் பார்த்தே மனசைப் படித்து எஸ்டேட் துரைக்கு எழுதிவிடுவாளாம். அவளிடம் போகிறவர்களை விலங்கு மாட்டி மெட்ராசுக்கு அனுப்பிவிடுவார்களாம். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு அந்த அறையைத் தாண்டினார்கள்.

வேலம்மாள் மட்டும் உள்ளே போனாள். “எம் மனசுல என்ன இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க” என்றாள்.

“எனக்கு அப்படிப் பாக்கத் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

எட்டு வாரம் வேலம்மாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒன்பதாவது வாரம் சொன்னாள். அன்றைக்குப் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. லீவு கேட்டாள், கணக்கெழுதும் ரைட்டர் கொடுக்கவில்லை. பழம் பறிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை சில்லிட்டுக் கிடந்தாள். சொல்லி முடித்ததும் பனி புருவத்துக்கு மேலே ஏறியது. இரண்டு வருஷம் கழித்து அவள் பார்த்த முதல் முகம் கலாவதியுடையது. அது கொஞ்சம் களைத்த, சாதாரண முகமாக இருந்தது.

மறுநாள் காலை ஆட்களைப் பேர் கூப்பிடுகையில் ரைட்டர் சிவக்கொழுந்து அவளை நிறுத்தினார். “பைத்தியத்தோட நின்னு பறிக்க இங்க யாருக்கும் இஷ்டமில்ல. அந்த ரூமுக்குப் போறத விடு. இல்லீன்னா மலைய விட்டுக் குப்பனூர் வழியா எறங்கிப் போயிரு.”

வேலம்மாள் நெற்றியில் இறங்கிய பனியை மயிரை ஒதுக்குவது போல ஒதுக்கிக்கொண்டாள். “போவேனுங்க. வாராவாரம் போவேன். பைத்தியம்னே எழுதிக்குங்க. எங்கண்ணு செத்த அன்னிக்கு லீவு கேட்டேன், நீங்க குடுக்கலீன்னும் பக்கத்துலயே எழுதிக்குங்க.”

வரிசையில் நின்ற அருக்காணி கூடையைக் கீழே வைத்தாள். “நானும் போவோணுங்க” என்றாள். தன் காதுக்குள் ஆறு வருஷமாக மழை பெய்துகொண்டிருப்பதை அவள் அன்றைக்குத்தான் வெளியே சொன்னாள். அவளுக்குப் பின்னால் பதினொரு கூடைகள் இறங்கின. செடியில் பழம் உதிர்கிற சமயம், இத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் பறிக்க ஆளில்லை. ரைட்டர் அடுத்த பேரைப் படித்தார்.

அதன்பின் பெண்கள் பட்டப்பகலில், முக்காடில்லாமல் பின்னறைக்குப் போனார்கள். வேலம்மாளின் பனி முழுக்கப் போகவில்லை. உள்ளங்கை அகலத்தில் உச்சந்தலைக்கு மேலே கடைசிவரை இருந்தது. புதிதாக வந்தவர்கள் அது என்னவென்று கேட்டால், “எம் பொண்ணு கண்ணாயிங்க” என்பாள். அவர்களும் சரியென்று, பனிக்கும் சேர்த்து இடம்விட்டு நகர்ந்து உட்காருவார்கள்.