நீட்டிப்பு கிடையாது

என் அப்பாவின் குரலை ஐந்து நூலகங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கண் தெரியாதவர்களுக்காக அவர் வாசித்துப் பதிவு செய்த கடற்பயண நாவல் ஒன்று எங்கள் மத்திய நூலகத்தின் ஒலிநூல் பிரிவில் இருக்கிறது. பெட்டி நிறைய சிடி, ஒரே ஒரு பிரதி. கேட்டவர்கள் அவருக்குத் தங்கக்குரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நான்தான். தங்கக்குரல் என் அப்பா என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆள் செத்து வருடக்கணக்காகிறது, பெருமை மட்டும் சாக மாட்டேன் என்கிறது.

தம்பி வீட்டுப் பக்கத்துக் கிளை நூலகம் அந்தப் பெட்டியைக் கேட்டபோது வழக்கம்போல அனுப்பிவிட்டேன். கேட்டது தம்பி என்பது அவன் போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, அம்மா உக்காந்துட்டாங்க."

அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது. நாள் முழுக்க நடப்பாள். அடுப்பைத் திருகுவாள், தெருக்கதவைத் திறப்பாள், துணியை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தம்பியும் அவன் பெண்டாட்டியும் மாறி மாறிப் பின்னால் ஓடி அலுத்துப்போயிருந்தார்கள்.

"அப்பா குரல் ஆரம்பிச்சதும் நாற்காலில உக்காந்தவங்கதான், அசையல. காதுல கை வச்சுக்கிட்டு உன்னிப்பா கேக்கறாங்கக்கா. சிடியைக் காப்பி எடுக்க முடியாம பூட்டு போட்டிருக்கீங்க. போன்ல பிடிச்சா கொசு கத்தற மாதிரி வருது, அதுக்கு அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. நீ தவணையைக் கொஞ்சம் நீட்டிக் குடு."

"எந்தக் காதுல கை வச்சிருக்காங்க?"

"இடது காது. ஏன்?"

போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கு இடது காது கேட்காது. சட்டைக் காலரில் இஸ்திரி சரியில்லை என்று அப்பா விட்ட அறையில் போன காது அது. அப்போது தம்பி தொட்டிலில் கிடந்தான், நான் வாசலில் நின்று பார்த்தேன். அதற்கப்புறம் அப்பா குரலை உயர்த்தினாலே போதும், அம்மா இருந்த இடத்தில் உட்கார்ந்து அந்தக் காதைப் பொத்திக்கொள்வாள். மைக்குக்கு முன்னால் தேனாக ஒழுகிய மனுஷன். வீட்டில் கோபம் மூக்கு நுனியில். எனக்கும் அதே மூக்கு என்பார்கள். அப்படிச் சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை.

தம்பியிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை. எடுத்தால், "அப்போ நீயே கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ" என்று வரும். வைத்துக்கொள்ள எனக்கு மனசு கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன்.

ஆகவே நீட்டிப்பு கிடையாது என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். கிளை நூலகர் விடவில்லை. எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்று கேட்டு, மற்ற நான்கு நூலகங்களுக்கும் நகல் போட்டுவிட்டார். விதி என்று எழுதி வைத்தது எதுவும் எங்களிடம் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கூட்டம் போட்டார்கள்.

கிளை நூலகர் நல்ல பெண்மணி. நல்லவர்களோடு மல்லுக்கட்டுவது போலத் தொல்லை வேறு இல்லை.

"ஒலிநூல் கேக்கறவங்க வயசானவங்க, முடியாதவங்க. வேற யாரும் கேட்டு வரலைன்னா எத்தனை தடவை வேணாலும் நீட்டிக் குடுக்கலாமே. நமக்கு என்ன குறைஞ்சுடும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த விதி வந்தால் அம்மா சாகும்வரை அந்த நாற்காலியில்தான். நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். பெட்டி கீறிப் போனால் நீங்களா வாசித்துத் தருவீர்கள், ஒற்றைப் பிரதியை ஒரே வீட்டில் குடி வைக்கவா நூலகம் நடத்துகிறோம் என்று பிடித்தேன் பாருங்கள், அறை அடங்கிவிட்டது. கிளை நூலகர் கண்ணைத் தாழ்த்தித் தன் காகிதங்களை ஒழுங்குபடுத்தினார். என் குரல் ஏறினால் அறை அடங்கும். அது எனக்கு எப்போதும் வசதியாகவே இருந்திருக்கிறது.

நான் சொன்னபடியே விதி வந்தது. ஒற்றைப் பிரதிக்கு மூன்று வாரம். நீட்டிப்பு இல்லை. அதே முகவரிக்கு ஒரு வருடத்துக்குத் திரும்பக் கிடைக்காது. விதிவிலக்கு யாருக்கும் கிடையாது. தம்பி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்து அதை வாங்கியவர் பார்வையில்லாத ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். தவணை முடியும் நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்.

"மருந்து ஏத்தினா தூக்கம் அமுக்கிடுதும்மா. பாதிதான் கேட்டிருக்கேன். கப்பல் தரை தட்டி நிக்குது. இன்னும் ஒரு வாரம் குடுத்தீங்கன்னா போதும்."

இவருக்குக் கொடுத்தால் நாளைக்குத் தம்பி வந்து நிற்பான். "விதி இடம் குடுக்காதுங்க," என்றேன்.

"எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்லம்மா."

"எல்லாருக்கும் ஒரே விதிதான்."

அவர் போனை வைக்கவில்லை. பிறகு, "உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே. எனக்குக் குரல் மறக்காது," என்றார். நான் எரிந்து விழுந்து போனை வைத்தேன். மறுநாள் பெட்டி திரும்பி வந்தது. ஒரு தாளில் யாரையோ வைத்து நன்றி என்று எழுதி உள்ளே போட்டிருந்தார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நான் செய்தது அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே இன்னொரு நூலகத்திலிருந்து அதே பெட்டிக்கு விண்ணப்பம் வந்தது. தம்பி பெண்டாட்டியின் பெயர், அவள் பிறந்த வீட்டு முகவரி. என் விதிக்கே டிமிக்கி. வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன்.

அம்மா மூட்டையை இடுக்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கதவில் புதிதாக இரண்டு தாழ்ப்பாள். ஒவ்வொரு நடைக்கும் இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். என்னை யாரென்று தெரியவில்லை, வழி விட்டு நகர்ந்தாள். தம்பிக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. அவன் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்றாள்.

குரலை அடக்கித்தான் ஆரம்பித்தேன். "அவங்க உன்னிப்பா கேக்கலடா. அது பயம். அப்பா அடிச்ச காது அது."

"தெரியும்," என்றான் தம்பி.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்க்கா. அந்த ஒரு அறையோட நிறுத்திட்டாரா அவரு? நானும் அதே வீட்லதானே வளர்ந்தேன். ஆனா உக்காந்திருக்காங்க இல்ல? அந்த நேரத்துலதான் நாங்க சாப்பிடறோம், கண்ணை மூடறோம். நீ என்னைக்காவது ஒரு ராத்திரி வந்து பாத்துக்கிட்டியா?"

பதில் இல்லாதபோது எனக்கு வருவது கோபம் ஒன்றுதான். வெட்கமாயில்லையாடா, பெத்தவளை நடுங்க வைத்து உட்கார்த்திவிட்டுச் சோறு எப்படி இறங்குகிறது உங்களுக்கு, மிருகங்களா என்று கத்தினேன். சுவரில் அறைந்தேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

தாழ்ப்பாள் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மூட்டை தரையில் கிடந்தது. அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கண் என் பாதத்துக்கு முன்னால் தரையில். இடது காதை உள்ளங்கை பொத்தியிருந்தது.

"அம்மா, நான்தாம்மா," என்று ஓர் அடி வைத்தேன். கை இன்னும் இறுகியது.

தம்பி பெண்டாட்டி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் பேசவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னாள். "பெட்டியே வேண்டாம் போலருக்கே அண்ணி. வேலை முடிஞ்சு போறப்ப தினம் ஒரு நடை வந்துட்டுப் போங்க. போதும்."

தம்பி மேசையில் இரண்டு தட்டு வைத்தான். நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"போயிடாதக்கா," என்றான். "நீ போனா எந்திரிச்சுடுவாங்க. நாங்க சாப்பிடற வரைக்கும் கொஞ்சம் நில்லு."

நின்றேன். அவர்கள் சாப்பிட்டார்கள்.