விட்டுப்போன வரி

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சினான். இரண்டு முட்டைகளை வேகப் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். ஏழு இருபதுக்கு மாமியாரின் போன் வந்தது. மனைவி இறந்ததிலிருந்து, ஏழு வாரமாக, தினமும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறது.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"முட்டை வேகுது அத்தை."

"நேத்தும் அதுதான் வெந்துட்டிருந்தது. இந்நேரம் கோழியே ஆகியிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு கேள்விகளும் தெரிந்தவைதான். போகப்போறோம்னு அவளுக்குத் தெரியுமா? கடைசியா என்ன சொன்னா? அவளுக்குத் தெரியாது, கடைசியா உங்களைத்தான் கேட்டா என்பது அவனுடைய வழக்கமான பதில். இரண்டுமே பொய். இன்றும் அதையே சொன்னான்.

"கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்காதீங்க," என்றாள் மாமியார். "பெத்தவ கேக்கறேன். எனக்கு ஆறுதல் வேணாம். நடந்ததைச் சொல்லுங்க."

அவனுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்கள்தான் பெரும்பாலும் வரும். தமிழ் பேசாத இந்த ஊரின் மொழி அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். ஒரு பக்கத்தை ஒரே வாயில் விழுங்குவான். மனைவி கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவள். விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"நீ முடிக்கறதுக்குள்ள மாத்திரையே காலாவதி ஆயிடும்," என்பான்.

"நீங்க எங்க வாசிக்கிறீங்க? பாதியைப் பாத்துட்டு மீதியை நீங்களே போட்டுக்கறீங்க."

அவள் சொன்னது வம்புக்கு இல்லை. ஒரு தாளில் ஒரே வரி இரண்டு முறை அச்சாகியிருந்தது. அச்சகத்தில் மூன்று பேர் பார்த்து ஒப்பம் போட்டிருந்தார்கள், அவனும் ஒருவன். சாப்பாட்டு மேஜையில் கிடந்த தாளில் அதைக் கண்டுபிடித்தவள் அவள். அன்றிலிருந்து கடைசிப் பார்வை அவளுடையது என்று ஆயிற்று.

அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் அறிக்கையும் இந்த ஊர் மொழியில்தான் வந்தது. அவன் வேலை முடிந்து போனபோது அது அவள் மடியில் கிடந்தது. நர்ஸ் காலையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவன் அதை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனான். இரண்டாம் பக்கத்தில், இன்னும் எத்தனை நாள் என்று சொன்ன வரியை மட்டும் தாண்டினான். குரல் தடுமாறவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவள் முடியும்வரை கேட்டாள். பிறகு தாளை வாங்கி, அந்த வரியின் கீழே விரலை வைத்துக் காட்டினாள். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பேசிவிட்டாள். அதற்குப் பிறகு தூங்கினாள், எழுந்திருக்கவில்லை.

"அவளுக்குத் தெரியும் அத்தை," என்றான்.

 "கடைசியா என்ன சொன்னா?"

அடுப்பை அணைத்தான். அவள் சொன்னதை அப்படியே சொன்னான்:

"நானே வாசிச்சுட்டேன். இந்தப் பாஷையில அது வெறும் வரியாத்தான் இருக்கு, பயமா இல்ல. நீங்க அதைத் தமிழ்ல சொல்லிடாதீங்க."