எட்டுப் பொட்டையும் ஒரு சேவலும்

பத்து வருஷம் கோழி வளர்த்தேன். ஒரு பொட்டைக் கோழிகூட எனக்கென்று நின்றதில்லை. இதை வெளியில் சொன்னால் என்னைத்தான் மக்கு என்பார்கள். சொல்லட்டும். முறை என்று ஒன்றை வைத்து ஏமாற்றினால் எமன்கூட ஏமாறுவான்.

கிளியனூருக்கு மேற்கே எங்கள் தெரு, தெருவின் கடைசியில் எங்கள் வீடு. பின்னால் மூன்று சென்ட் இடம், ஒரு வேம்பு, ஒரு முருங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்செழியன் வீட்டு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போடுகிற நிலம். அவருடைய மனைவி சித்ரா பத்து வருஷத்துக்கு முன்னால் ஆள்விட்டுக் கூப்பிட்டு, இரண்டு கோழிகளை என்னிடம் வாரத்துக்கு விட்டாள். வாரம் என்றால் கோழி அவளுடையது, தீனியும் காவலும் என்னுடையது, பொரிக்கிற குஞ்சு பாதிக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கூடவே இன்னொன்றும் உண்டு. கோழி யாருடையதோ அவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். ஒற்றைப்படையாக வந்தால் மிச்சக் குஞ்சும் அவர்களுக்கே.

குஞ்சுகளுக்கு மூன்று மாதம் ஆனதும் கூடையில் போட்டு அவள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அந்த வயதில் கொண்டையைப் பார்த்தே சேவலா பொட்டையா என்று சொல்லிவிடலாம். சித்ரா குனிந்து பொட்டைகளாகப் பொறுக்கிக்கொள்வாள். சேவல்கள் எனக்கு. தப்பித்தவறி ஒரு பொட்டை என் பங்கில் விழுந்தால் அது நாலு நாள் தாங்காத நோஞ்சானாக இருக்கும். சேவலை வைத்துக்கொண்டு யார் வீட்டில் கூட்டம் பெருகும்? அடுத்த முறை அடை வைக்கவும் அவள் கோழியைத்தான் நம்பவேண்டும். அது கிழடு தட்டினால் அவளே வேறு கோழி மாற்றி விடுவாள். அப்படியே பத்து வருஷம் ஓடியது.

போன சித்திரையில் ஒன்பது குஞ்சு. அதில் ஐந்து பொட்டை. ஐந்தையும் அவள் எடுத்துக்கொண்டாள். நான் வாய்விட்டுக் கேட்டேன்.

"யக்கா, ஒரே ஒரு பொட்ட குடுங்க. பதிலுக்கு ரெண்டு சேவலு எடுத்துக்கோங்க."

சித்ரா சிரித்தாள். "பொட்டய வச்சிக்கினு நீ இன்னா பண்ணப்போற வள்ளி? ஒனக்கு எதுக்கு கூட்டம்? சேவல அடிச்சி கொழம்பு வையி, நல்லா இருக்கும்."

அவள் கொடுக்காததுகூடப் பெரிதில்லை. அந்தச் சிரிப்பில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்தேன், அவளுடைய இரண்டு தாய்க்கோழிகளையும் பிடித்தேன், திரும்பிப் போய் அவள் வாசலில் விட்டேன்.

"இந்தாங்க ஒங்க கோழி. இனிமே எனக்கு வாரம் வேணாம்."

"ஓகோ, அவ்ளோ ரோசமா? நீ தனியா வளத்து என் கொல்லையில ஒரு கோழி கால் வச்சுது, மருந்து வச்சிடுவேன். பாத்துக்கோ."

"பாத்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் வீட்டுக்காரர் அந்தோணிசாமி புதுச்சேரியில் டைல்ஸ் ஒட்டுகிறவர். அவருக்குப் பெருவிடைமேல் ஆசை. காலும் கழுத்தும் நீண்ட சண்டைச் சாதி அது.

"ஒரு பெருவெடச் சேவலு தெருவுல நடந்தா ஊரே திரும்பிப் பாக்கும் வள்ளி."

"ஊரு பாக்கறதுக்கா கோழி வளக்கறோம்? நீ வேணா நடந்து போ, பாக்கட்டும்."

எங்கள் மகள் வெண்ணிலா திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள். போனை நீட்டினாள். அதில் ஒருவர் கலப்பினக் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"அம்பது குஞ்சு வாங்கலாம்மா. வருசத்துக்கு எரநூறு முட்ட போடுமாம்."

"அடைக்கு உக்காருமா?"

தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "உக்காராதாம்மா. குஞ்சு வேணும்னா திரும்ப வெலைக்குத்தான் வாங்கணுமாம்."

"அப்போ குஞ்சுக்கு மறுபடியும் எவன் வாசல்லடி போயி நிக்கறது?"

அவள் போனை அணைத்துவிட்டாள். சிறுவிடை நாட்டுக்கோழிதான் என்று அப்போதே முடிவு செய்தேன். உருவம் சின்னது, முட்டை சின்னது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கறையானைக் கிளறித் தானே வயிறு வளர்க்கும், கீரியைக் கண்டால் வேம்பில் ஏறிக்கொள்ளும், தன் முட்டையைத் தானே பொரிக்கும். யாரையும் கெஞ்சாத சாதி. எனக்கு அதுதான் வேண்டும்.

அடுத்தது, எத்தனை? பின்வாசலில் நின்று இடத்தைப் பார்த்தேன். இந்த மூன்று சென்ட் குப்பையில் பத்துக்கு மேல் மேய்ந்தால் வயிறு நிறையாது. வயிறு நிறையாத கோழி வேலி தாண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் மருந்து இருக்கிறது. இரண்டு சேவல் விட்டால் பொழுதெல்லாம் சண்டை.

"எட்டு பொட்ட, ஒரு சேவலு" என்றேன்.

"ஒம்போதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்?" என்றார் அந்தோணிசாமி.

"ஒம்போதும் என்னுதுய்யா."



பொட்டைக்கு எங்கே போவது? என்னிடம் இருந்தது சேவல்தான். புதிதாக வந்த நாலு, முந்தின ஈட்டில் மிஞ்சிய மூன்று. அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஏழு. ஆடி வரை ஒன்றையும் விற்கவில்லை, ஒன்றையும் அறுக்கவில்லை. விருந்தாளி வந்தபோதுகூடக் கருவாட்டுக் குழம்புதான். ஆடியில் அம்மன் கோயிலுக்கெல்லாம் சேவல் வேண்டும். நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் ஆடி மாதச் சந்தை எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஏழில் திடமான செவலையை நிறுத்திக்கொண்டேன். ஆறைக் கூடையில் போட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். சந்தையில் பெருமுக்கல் வெள்ளையம்மாள் ஒரு கூடை நிறைய வெடைக்கோழி வைத்திருந்தாள். எல்லாம் சிறுவிடை, இன்னும் முட்டைக்கு வராத இளசுகள். வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் சேவல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஆறுக்கு ஆறு மாத்திக்கலாம்" என்றாள்.

"ஆடி மாசம்மா இது. இன்னிக்கி சேவலுக்குத்தான் மவுசு. ஆறுக்கு எட்டு. இல்லன்னா அந்தாண்ட போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, புடி."

"மொதல்ல எடுக்கறது நானு!"

"எடுத்துக்கோயேன். அதுக்கு ஏம்மா இந்தக் கத்து கத்தற?"

நான் கத்தியது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் கை முதலில் கூடைக்குள் போனது. கண் தெளிவாக இருக்கிறதா, மார்பு நிமிர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எட்டு எடுத்தேன். சொன்னால் வெட்கம், அழுகை வந்துவிட்டது.

நான் கொண்டுபோய் விட்ட தாய்க்கோழிகள் இரண்டும் சித்ரா வீட்டுக் காதுகுத்து விருந்தில் குழம்பாகிவிட்டன. பொறுக்கிக்கொண்டு போன ஐந்து பொட்டைகளையும் யாருக்கோ தள்ளிவிட்டாள். அப்புறம் கம்பிக்கூண்டு கட்டி ஐம்பது கலப்பினக் கோழி இறக்கினாள். வேலி ஓரம் நான் நிற்கும்போதெல்லாம் முட்டைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பாள். நடக்கட்டும். என் எட்டும் கார்த்திகையில் முட்டைக்கு வந்தன. சாயங்காலம் "பா… பா…" என்று ஒரு குரல் கொடுத்தால் ஒன்பதும் காலடியில் நிற்கும். ஒன்றுகூட வேலி தாண்டவில்லை.

தை மாதம் பொங்கல் முடிந்த மறுநாள், பின்வேலிப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள்.

"அம்சவள்ளி."

சித்ராதான். என் முழுப் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கையில் ஒரு சின்னக் கூடை. வைக்கோல்மேல் பதிமூன்று முட்டை.

"கோலியனூர்ல எங்க அண்ணன் குடுத்துச்சி. நல்ல பெருவெட முட்ட. வச்சி அஞ்சி நாளாவுது. இதுக்கு மேல வச்சா கெட்டுடும்."

"ஒங்க அம்பது கோழி இன்னா பண்ணுது?"

தலையைத் திருப்பிக்கொண்டாள். "முட்ட போடுது. ஒண்ணியும் அட உக்கார மாட்டேங்குது." அவள் கண் என் கறுப்பிக்கோழிமேல் இருந்தது. அது மூன்று நாளாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையை விட்டு எழாமல் அடை கிடந்தது. "நீ பொரிச்சிக் குடு. ஒனக்கு எதுனா பாத்து செய்யறேன்."

"பாத்து செய்யறதெல்லாம் வேணாங்க. வாரம்."

"சரி, பாதிக்குப் பாதி."

"ஒத்தப்படயா வந்தா எனக்கு. மொதல்ல எடுக்கறதும் நானு."

அவள் முகம் சிவந்துவிட்டது. "இன்னா வள்ளி, முட்ட என்னுதாச்சே!"

"கோழி யாருதோ அவங்கதான மொதல்ல எடுக்கணும்? பத்து வருசமா நீங்க சொல்லிக் குடுத்த முறதாங்க்கா. கோழி என்னுது."

அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போனாலும் எனக்கு நஷ்டமில்லை, கறுப்பிக்கு வைக்க என் முட்டை இருந்தது. சித்ரா முட்டைகளைப் பார்த்தாள், கறுப்பியைப் பார்த்தாள். அப்புறம் வேலிக்கு மேலே கூடையை நீட்டினாள்.

நான் அவசரப்படவில்லை. அடைக்கூடையில் மணல் பரப்பி, முட்டையை இடி தாக்காமல் இருக்க ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, ஒரு காய்ந்த மிளகாய் போட்டேன். ஒவ்வொரு முட்டையாக எடுத்து வைத்தேன். முட்டை பெரிது, கறுப்பி சின்னது. பதினொன்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்சம் இரண்டை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"இத கொழம்பு வையுங்கக்கா. நல்லா இருக்கும்."