மிதவைக் கம்பி

கம்பி மறுபடியும் இறங்கியிருந்தது. வெளிக்கொதிகலனின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு, உள்ளே மிதவையோடு ஏறியிறங்கும் அந்தச் சிவப்பு முனைக் கம்பியை, விறகு போட வரும்போதெல்லாம் இர்யா அண்ணாந்து பார்ப்பாள். உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் அது ஒரு சாண் உயரம் நிற்கும். இன்று முனை மட்டும் பனிக்கு மேல் எட்டிப் பார்த்தது.

முற்றத்தில் தகரக் கொட்டகைபோல நிற்கும் அந்தக் கொதிகலனில் விறகு எரிய, சூடான தண்ணீர் மண்ணுக்கடியில் ஓடி இரண்டு வீடுகளுக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். ஒன்று இர்யாவுடையது. மற்றது எதிரே, அவள் கொழுந்தன் ஆர்வோவுடையது. ஏரிக்காற்று திரும்பிய இலையுதிர்காலத்தில் ஆர்வோ போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே மின்சாரத்தையும் கிணற்று மோட்டாரையும் நிறுத்திக் கதவைப் பூட்டியாகிவிட்டது. சூட்டுக்குழாயை மட்டும் அடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. குளிர் தாங்காத மனுஷன், உயிரோடிருந்தபோது கோடையிலும் கம்பளிக் காலுறையைக் கழற்றியதில்லை.

போன அதே தண்ணீர்தான் திரும்பி வரும். அது குறைய நியாயமில்லை.

"ஆவியாப் போயிருக்கும் அக்கா," என்றான் லெனர்ட், வண்டியிலிருந்து மேப்பிள் கட்டைகளை உருட்டிக்கொண்டே. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அவளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து சுருதி தப்பிப் பாடுகிறவன்.

இர்யா குழாயைப் போட்டுத் தண்ணீரை நிரப்பினாள். துருப்பிடிக்காமலிருக்கக் கலக்கும் இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றுமுன் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். மருந்து போதுமானால் கருஞ்சிவப்பாக மாற வேண்டிய தாள் வெளிறிக் கிடந்தது.

"ஆவியாப் போனா மருந்து உள்ளயே தங்கிடும்ல? இது மருந்தோட சேந்து போகுது லெனர்ட். நான் ஊத்த ஊத்த எங்கயோ போகுது."

"அப்ப அந்த வீட்டுலதான் ஒழுக்கு. உங்க கொழுந்தனுக்கு மேல போயும் குளிரு விடல போல." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "வால்வை மூடிட்டு அந்தப் பக்கத்துத் தண்ணிய வடிச்சு விட்டுடலாங்க்கா. இப்படியே விட்டா ஒருநாள் கலன் வறண்டு வெடிச்சுரும். அப்புறம் நீங்களும் சேந்து விறைக்கணும்."

அவன் சொன்னது சரிதான். அவள் வால்வில் கை வைத்தாள். வைத்த கையோடு, ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றியது. லெனர்டும் கூடவே நடந்தான்.

இரவு பெய்த பனி ஆர்வோவின் வீட்டைச் சுற்றிச் சலவை விரிப்புபோலக் கிடந்தது. முயல் தடம்கூட இல்லை. ஆனால் பின்வாசல் படியருகே பனி இளஞ்சிவப்பாகக் குழிந்திருந்தது. மருந்தின் நிறம். உள்ளேயிருந்து யாரோ வாளியை வீசிக் கொட்டியதுபோல. போன தடமுமில்லை, வந்த தடமுமில்லை. இர்யா படியேறினாள். ஜன்னலில் கைகுவித்துப் பார்த்தாள். சமையலறை மூலையில் சூட்டுக்குழாயின் வடிகுழாய்க்குக் கீழே ஆர்வோவின் எனாமல் குவளை. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"லெனர்ட், அதைக் குடிக்கிறாங்க," என்றாள் மெல்ல. "விஷம்ப்பா அது."

"யாரு?" அவன் குரல் உள்ளே போயிருந்தது. அவன் பார்த்தவரை அறையில் யாருமில்லை. "பூட்டு அப்படியே இருக்கு. நான் கதவ ஒடைக்கிறேன். இல்லாட்டி ஷெரீஃபைக் கூப்பிடுவோம்."

"வேணாம். பயந்து வெளிய ஓடினா இந்தக் குளிர்ல காடு தாண்டாது அந்த உசுரு."

"உசுருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய் பால் கேனில் நல்ல தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க நிரப்பிக் கம்பளியால் சுற்றினாள். ஏலக்காய் ரொட்டியில் ஒரு முழுத் துண்டு, பின்னி முடித்த காலுறை ஒரு ஜோடி. உணவுக்குமுன் சொல்லும் ஜெபத்தைத் தன் மேசையில் சொல்வதுபோலவே அந்தப் படியில் சொல்லி எல்லாவற்றையும் வைத்தாள். பிறகு மூடிய கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கண்ணு, அந்தக் குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாது. மருந்து போட்டது. குடிக்க இதை எடுத்துக்கோ. சூட்டை நான் நிறுத்த மாட்டேன்."

உள்ளே எதுவும் அசையவில்லை. லெனர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை விறகோடு வந்தபோது கம்பி ஒரு சாண் உயரத்தில் நின்றது. அவள் வைத்த இடத்திலிருந்து மயிரிழைகூட இறங்கவில்லை. விறகை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு நடந்தாள். பனியில் நேற்றைய குழிகள் மட்டும். அவளுடையவை, லெனர்டுடையவை. கேன் காலியாகி, கழுவி, படியில் கவிழ்த்து வைத்திருந்தது. கம்பளி நாலாக மடித்து அதன்மேல். காலுறையைக் காணோம்.

கேனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க உறைபனி பூத்திருந்தது. அதன் நடுவில் உள்பக்கமிருந்து தேய்த்ததுபோல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தெளிந்த வட்டம். அதற்குப் பின்னால் இருட்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ அருகில் மூச்சு விடுவதுபோல, அந்த வட்டம் மெல்ல மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.