ஒபெங் அக்காவின் குதிகால்

அங்கே இருந்தவர்கள்: ஓவியர் பிலார் மிஸ், மீன் விற்கும் ஒபெங் அக்கா, எல்லாவற்றிலும் அவளோடு போட்டி போடும் குலாசா, பிறகு ஐஸ் ஃபேக்டரியில் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு நின்ற நான். மிஸ் உட்கார்ந்து படம் வரையும் அந்த முன்னறையின் சாவி என்னிடம் இருந்தது.

மிஸ் படத்தின் மேலிருந்த துணியை இழுத்தார். கத்திவிட்டோம். எங்கள் மீன்துறை! முக்காடு போட்ட பெண்கள் தரகரை மொய்க்கிறார்கள். எங்கள் நவோத்தாஸ் துறையில் ஏலத்தில் விலையைக் கூவ மாட்டோம். தரகர் காதில் ஆளாளுக்குக் கிசுகிசுப்போம். அதிகம் சொன்னவளுக்குக் கூடை.

"இதுல நான் யாரு?" என்றாள் குலாசா.

"வாய் பெருசா இருக்கறவளைத் தேடு" என்ற ஒபெங் அக்கா, சட்டென்று என் கையைக் கிள்ளினாள். "நார்சோ, காலைப் பாருடா!"

தரகர் காதோரம் நின்றவளின் வலது குதிகால் தூக்கியிருந்தது. அது ஒபெங் அக்காதான். சும்மா பாவனைக்குக் கிசுகிசுத்தால் பாதம் தரையில் இருக்கும். நல்ல மீன், விடக்கூடாது என்றால் குதிகால் தானாக எழும்பும். குலாசாவுக்கு இது தெரிந்தால் அதைப் பார்த்தே விலையை ஏற்றுவாள். அப்புறம் அக்காவுக்கு நசுங்கிய மீன்தான்.

அக்கா மிஸ்ஸின் காதில் கிசுகிசுத்தாள்.

மிஸ் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அழிக்க மாட்டேன்க்கா. அந்தக் கால் போனா படம் படுத்துடும்."

"இருந்தா நான் படுத்துடுவேன் மிஸ்!"

தன்னைத் தேடிய குலாசா படத்தில் முகங்களைப் பார்த்து முடித்து இடுப்புக்கு வந்துவிட்டாள். "அங்க என்னடி குசுகுசுப்பு?"

மிஸ்ஸின் கண்கள் மின்னின. தூரிகையை வெடுக்கென்று எடுத்தார். "அப்போ எல்லாரும் தூக்கட்டும்!"

அக்காவுக்கு உடனே புரிந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். "ஏய், படகு வந்துருச்சு! பெரிய படகு!"

கடலில் ஒரு படகும் இல்லை. குலாசா கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். "முதல் கூடை எனக்குத்தான்டி!"

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் படத்தில் இரண்டு குதிகால்கள் எழும்பிவிட்டன. பிறகு மூன்றாவது. கூட்டமே மீன்மேல் விழப்போவதுபோல் முன்னால் சாய்ந்தது. என் தூக்கம் பறந்தே போனது.

"நீ வரலியாடி?" வெளியிலிருந்து குலாசா.

"போ போ, பின்னாடியே வர்றேன்!"

குலாசாவின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினேன்.